கட்டியக்காரி இல்லாத கூத்து

கிருஷ்ணவேணிக்கு வாய் அதிகம் என்று கண்டாச்சிபுரம் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சிலர் அதைக் குறையாகச் சொல்வார்கள், சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். யாரும் அதை ஒரு திறமையாக நெடுநாள் நினைக்கவில்லை. மல்லாட்டைக் காட்டில், அதாவது நிலக்கடலைக் கொல்லையில், களை வெட்டும்போது குனிந்த தலை நிமிராமல் அவர் ஊராட்சித் தலைவரின் குடியரசு தினப் பேச்சைப் பேசிக் காட்டுவார். கூட்டுறவுச் சங்கச் செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "நாளைக்கு வாம்மா" என்று சொல்வதைச் செய்து காட்டுவார். மற்ற பெண்கள் சிரிக்கிற சிரிப்பில் களையை விட்டுவிட்டுச் செடியை வெட்டிவிடுகிறார்கள் என்று நிலத்துக்காரர் அவரைத் தனி வரிசையில் நிறுத்தினார். தனி வரிசையில் நின்ற முதல் நாளே அவர் நிலத்துக்காரரைச் செய்து காட்டினார். இந்த முறை கொஞ்சம் உரக்க.

விருத்தாசலம் அவரைக் கூத்துக்கு அழைத்தது அந்தச் சமயத்தில்தான். விருத்தாசலம் ஒரு தெருக்கூத்துக் குழுவின் ஆர்மோனியக்காரர்; குழுவை நடத்துகிறவரும் அவரே. அவர் குழுவில் கட்டியக்காரன் வேஷம் கட்டிக்கொண்டிருந்த ஆள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். கட்டியக்காரன் இல்லாமல் கூத்து தொடங்காது. ராஜா வருகிறார் என்று சொல்ல ஒருவன் வேண்டும். வந்த ராஜாவை "நீ யாரப்பா?" என்று கேட்கவும் அவனே வேண்டும்.

பஸ் நிறுத்தத்தில் வைத்துக் கேட்டார்.

"இந்தாம்மா, நம்ம கூத்துல பேசுறியா?"

"கூத்துல பேச ஒனக்கு ஆம்பள கெடைக்கலயாண்ணா?"

"ஆம்பள கெடைக்கிறான். பேச்சுதான் கெடைக்க மாட்டேங்குது."

வீட்டில் கணவர் பச்சைமுத்துவிடம் சொன்னபோது அவர் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "என்னைத் திட்றத அங்க போயித் திட்டினா கூலியாச்சும் வரும். போ."

முதல் கூத்து ஒரு திரௌபதி அம்மன் திருவிழாவில். பொம்பளை கட்டியக்காரன் வேஷம் கட்டக்கூடாது என்று கோயில் பெரியவர்கள் நான்கைந்து பேர் வந்து நின்றார்கள். கிருஷ்ணவேணி பாதி முகத்தில் அரிதாரம் பூசியிருந்தார். அப்படியே எழுந்து வந்தார். "இது யாரு கோயிலு?" என்று கேட்டார். "பாஞ்சாலி கோயிலு" என்றார்கள். "அவ பொம்பளதானே? சபை நடுவுல நின்னு கேள்வி கேட்டவதானே? அவ வாசல்ல நான் கேக்கக்கூடாதா?" அவர்கள் பதில் யோசிப்பதற்குள் அவர் மீதி முகத்தையும் பூசிவிட்டார்.

அன்று களரிக்குள், கூத்து ஆடும் இடத்துக்குள், ஒரு ஆடு புகுந்தது. பாடிக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்க்காததுபோல் பாடினார்கள். கிருஷ்ணவேணி ஆட்டின் முன்னால் குனிந்து, "மந்திரியாரே, ஏன் இவ்ளோ லேட்டு?" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதிலிருந்து அவருக்கு ஒரு விதி உண்டாயிற்று. எல்லார் கண்ணுக்கும் தெரிவதைக் கட்டியக்காரி தெரியாததுபோல் விடக்கூடாது. ஆடு வந்தால் ஆட்டைச் சொல்ல வேண்டும். கரண்ட் போனால் கரண்டைச் சொல்ல வேண்டும். பணம் தந்தவர் முன்வரிசையில் தூங்கினால் அதையும் சொல்ல வேண்டும்.

கட்டியம் என்றால் அரசனின் புகழை உரக்கச் சொல்வது. அகராதியில் அவ்வளவுதான். கூத்து அந்தச் சொல்லை எடுத்து, புகழுவதற்கென்று நிறுத்தப்பட்டவனையே கேலி பேசுகிறவனாக ஆக்கி வைத்திருக்கிறது. இது எப்போது எப்படி நடந்தது என்று தெரியாது. எந்த ஊரிலும் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை என்பது மட்டும் தெரியும். கூத்துக்குச் செலவழித்த ஊரே தன்னைக் கேலி செய்யச் சொல்லி உட்கார்ந்து கேட்டது. கிருஷ்ணவேணி இதையெல்லாம் யோசித்திருப்பார் என்று சொல்ல முடியாது. அந்தச் சொல்லின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்றுதான் அவர் சில வருடங்கள் பிழைத்தார்.

பங்குனியில் தொடங்கும் கூத்து ஆடியில் முடிந்துவிடும். மீதி மாதங்களில் குழு இருக்காது. ஒருவர் கரும்பு வெட்டப் போவார், ஒருவர் செங்கல் சூளைக்கு, ஒருவர் சென்னைக்கு. ராஜா வேஷம் கட்டும் பிரான்சிஸ் அனந்தபுரம் சந்தையில் மூட்டை இறக்குவார். மார்புக் கவசத்துக்குள் ஜெபமாலை கிடக்க, அவர் துரியோதனனாக வந்து நின்றால் முகவீணை ஊதுகிறவரே ஒரு கணம் தாளம் தப்புவார். அப்படி ஒரு குரல். பல ஊர்க்காரர்கள் குழுவின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "பிரான்சிஸ் வருவாரா?" என்றுதான் கேட்பார்கள்.

அந்தப் பிரான்சிஸ் போய்விடப் பார்த்தார். அவர் மனைவி இருதயமேரியின் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். வருடம் முழுக்க வேலை. மகள் ஜெசிந்தாவின் நர்சிங் படிப்புக்கும் வழியாகும். அப்போதுதான் அரசுப் பணத்தில் கலைக்குழுக்களுக்கு மூன்று வருடம் தொடர்ந்து உதவி தரும் திட்டம் ஒன்று வந்தது. தேர்வானால் கூத்து இல்லாத மாதங்களிலும் குழு சேர்ந்தே இருக்கலாம், ஒத்திகை பார்க்கலாம், பள்ளிக்கூடங்களுக்குப் போகலாம், வருமானமும் இருக்கும். "இது வந்தா இருக்கிறேன்" என்று பிரான்சிஸ் சொன்னார். "வரலன்னா ஆடி கழிஞ்சு கெளம்பிடுவேன். மேரிகிட்ட வாக்கு குடுத்துட்டேன்." பிரான்சிஸ் போனால் குழு இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே இந்த உதவிதான் இப்போது குழு.

பெண்கள் தலைமையேற்கும் குழுக்களுக்கு முன்னுரிமை என்று இருந்ததால் கிருஷ்ணவேணியின் பெயரைத் தலைவராகப் போடலாம் என்று விருத்தாசலம் யோசனை சொன்னார். "சும்மா பேருக்குத்தாம்மா."

"பேருக்கா? அப்ப எம்பேரச் சொல்லி யாருனா கேட்டா, நீ எழுந்து நிப்பியாண்ணா?"

"இவ வாயிருக்குதே" என்று விருத்தாசலம் தலையில் அடித்துக்கொண்டார். பெயரைப் போட்டார்கள்.

குழுக்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலையைச் சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் ஒப்பந்தம் எடுத்திருந்தது. அதன் ஒருங்கிணைப்பாளராக ஜெகதீசன் என்ற இளைஞர் வந்தார். கெட்டவர் இல்லை. கூத்தை உண்மையாகவே ரசிப்பவர். பிரான்சிஸ் பாடும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் அவருடைய வேலையும் வருடா வருடம் புதுப்பிக்கப்பட வேண்டிய வேலை. ஒவ்வொரு குழுவும் இரண்டு இடத்தில் ஆடிக் காட்ட வேண்டும் என்றார். முதலில் ஒரு சந்தையில், மக்கள் நடுவில். பிறகு திண்டிவனத்தில், தேர்வுக்குழு முன்னால். என்ன கதை என்று கேட்டதற்கு, கதையை நிறுவனமே எழுதித் தரும் என்றார். இந்த உதவித் திட்டத்தைப் பற்றியே அரை மணி நேரக் கூத்து. ராஜா கலைஞர்களுக்கு உதவி செய்கிறார், கட்டியக்காரன் அதை ஊருக்குச் சொல்கிறான்.

ஜெகதீசன் வசனத்தைப் படித்தார். "நம் நாட்டில் இன்று எந்தக் கலைஞரும் பிழைப்புக்காக வேறு வேலை தேடிச் செல்வதில்லை. இதக் கட்டியக்காரி சொல்றாங்க. மூணு தடவ வரும்க்கா."

"தம்பி, இது நடந்து போச்சா, நடக்கப் போவுதா?"

"நடக்கும்க்கா."

"அப்ப நடந்தப்புறம் சொல்றேன்."

"அக்கா, இது விழிப்புணர்வுக்கா. பாசிட்டிவா இருக்கணும்."

"யாருக்குத் தம்பி விழிப்பு வரணும்? வேல தேடிப் போறவனுக்கா, போவலன்னு எழுதினவனுக்கா?"

ஜெகதீசனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. விருத்தாசலம் பாயில் உட்கார்ந்தபடியே கிருஷ்ணவேணியின் காலை இடித்தார். கிருஷ்ணவேணி பிரான்சிஸைப் பார்த்தார். அவர் கிரீடத்தில் பிரிந்துபோன ஜிகினாத் தாளைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டு, எதையும் கேட்காதவர்போல் இருந்தார்.

"சரி தம்பி. சொல்றேன். வாயி வாடகைக்குத்தானே" என்றார் கிருஷ்ணவேணி.

சொல்வதாகத்தான் ஒப்புக்கொண்டார். பின்னால் நடந்ததை ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தார் என்று அவரை விரும்புகிறவர்கள் சொல்வதுண்டு. அது உண்மையில்லை. வீட்டில் பாத்திரம் துலக்கும்போதுகூட அந்த வரியைச் சொல்லிப் பழகினார். பச்சைமுத்து ஒரு நாள் பொறுக்காமல், "சரிம்மா, போவல, யாரும் எங்கியும் போவல. சோத்தப் போடு" என்றார்.

அனந்தபுரம் சந்தை கூடும் நாளாகவே பார்த்து வைத்திருந்தார்கள். கூத்து வெயிலில் ஆடுவதற்கு ஏற்பட்டதில்லை. விளக்கில் பொன்னாகத் தெரியும் கிரீடம் பகலில் அட்டையாகத் தெரிந்தது. குட்டியானை வண்டியின் நிழலில் உட்கார்ந்து பிரான்சிஸ் முகத்துக்குச் சாயம் பூசினார். காலையில் அதே சந்தையில் வெங்காய லாரியில் பாதி இறக்கிவிட்டு, மீதியைக் கூட்டாளி சேரனிடம் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். வேர்வையில் சாயம் நிற்கவில்லை. மீசையை இரண்டு முறை வரைந்தார். தேர்வு செய்ய வந்தவர்கள், ஒரு அம்மாளும் ஒரு நடுவயதுக்காரரும், புளியமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஜெகதீசன் போனைக் குச்சியில் மாட்டிப் படம் எடுக்கத் தொடங்கினார்.

இரண்டு பேர் திரையைப் பிடித்தார்கள். கிருஷ்ணவேணி கோமாளிக் குல்லாயோடு வந்து, வழக்கப்படி திரையைப் பார்த்து யார் அது என்று கேட்டார். பிரான்சிஸ் திரைக்குள்ளிருந்து பாடினார். கத்தரிக்காய் விலை பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்தினார்கள். திரை விலகி ராஜா வந்தார். எல்லாம் சரியாகப் போயிற்று. கிருஷ்ணவேணி அந்த வரியை முதல் தடவை சொன்னார். எழுதியிருந்தபடியே, ஒரு எழுத்து மாறாமல்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சேரன் கத்தினான். தலையில் துண்டுச் சும்மாடு அப்படியே இருந்தது.

"யோவ் ராசா! வெங்காய லோடு பாதி அப்பிடியே கெடக்குது. அத எவன் எறக்கறது?"

சந்தையே சிரித்தது. பிரான்சிஸை அங்கே தெரியாதவர் யாரும் இல்லை. அவர் காலையில் சுமந்த மூட்டைகளின் சருகு அவர் காதோரம் இன்னும் ஒட்டியிருந்தது. விருத்தாசலம் ஆர்மோனியத்தைப் பலமாக வாசித்துச் சிரிப்பை மூடப் பார்த்தார். ஜெகதீசன் கையை ஆட்டி, "கண்டினியூ, கண்டினியூ" என்றார். அடுத்து அந்த வரிதான் இரண்டாம் தடவை வர வேண்டும்.

பிரான்சிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எழுதியதைச் சொன்னால் சிரிப்பு வசனத்தின் மேல் விழாது, பிரான்சிஸ் மேல் விழும். அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு தன் சந்தையில் தன்னையே மறைக்கிற ஆளாக அவர் நிற்க வேண்டியிருக்கும். கிருஷ்ணவேணி ராஜாவின் முன்னால் வளைந்து கும்பிட்டார்.

"மகாராசா! ஒங்க நாட்டுல கலைஞன் வேற வேலைக்குப் போறதே இல்லியாம். எழுதிக் குடுத்திருக்காங்க. அப்ப காலையில இங்க மூட்ட தூக்கினது யாரு?"

பிரான்சிஸ் நிமிர்ந்தார். அவருக்கும் இது வசனத்தில் இல்லை. ஆனால் வாளைத் தரையில் ஊன்றி, துரியோதனன் குரலில், "நாமே! நகர சோதனைக்காக மாறுவேடம் பூண்டோம்!" என்றார்.

சந்தையில் விசில் பறந்தது. சேரன் சும்மாட்டைக் கழற்றி மேலே எறிந்தான்.

"ஓகோ, மாறுவேசமா? இத்தினி வருசமாவா ராசா?" கிருஷ்ணவேணி அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. எது மாறுவேசம்? மூட்டயா, கிரீடமா?"

இந்தக் கேள்விக்குச் சிரிப்பு கொஞ்சம் தாமதித்தே வந்தது. பிரான்சிஸ் சிரிக்கவில்லை. "அதை நீயே சொல்லடி, கட்டியக்காரி" என்றார்.

"நான் எதுக்குச் சொல்லணும்? அதோ, நெழல்ல குந்திக்கினு இருக்காங்களே, அவங்களக் கேளு. எழுதினது அவங்கதானே?"

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். பக்கத்திலிருந்த நடுவயதுக்காரர் சிரிக்கவில்லை. ஜெகதீசன் போனைக் குச்சியிலிருந்து கழற்றிவிட்டார்.

சந்தை கலைந்த பிறகு குட்டியானை வண்டியருகே நடந்த சண்டையில் ஜெகதீசன் அதிகம் பேசவில்லை. "என்னக்கா இப்பிடிப் பண்ணிட்டீங்க, நான் என்னான்னு வீடியோ அனுப்புறது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பேசியவர் விருத்தாசலம்.

"நீ கேட்ட கேள்வி நல்லாத்தான் இருந்துச்சு. கை தட்டினாங்க. கை தட்டல வச்சு ஒல கொதிக்குமா? எட்டுக் குடும்பம் இதை நம்பிக்கினு கெடக்குது. ஒன் வாய்க்கு எங்க வவுறு பதில் சொல்லணுமா?"

கிருஷ்ணவேணி குல்லாயைக் கழற்றி வண்டிக்குள் வைத்தார்.

விருத்தாசலம் கேட்டது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. தன் பங்கை இழக்க ஒருவருக்கு உரிமை உண்டு. மற்றவர்களுடைய பங்கையும் சேர்த்து இழக்க யார் உரிமை தந்தார்கள்? பிரான்சிஸின் மானத்தைக் காப்பதற்காகப் பேசினார் என்று சொல்லலாம். ஆனால் காப்பதற்கு முன் பிரான்சிஸைக் கேட்கவில்லை. மானம் வேண்டுமா, திருப்பூர் போகாமலிருப்பது வேண்டுமா என்று அவரிடமே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது அந்த மத்தியானம் யாருக்கும் தெரியாது. இதை மறைத்துவிட்டு அவரைத் துணிச்சல்காரி என்று எழுதுவது சுலபம். துணிச்சலுக்கான செலவு யார் கணக்கில் விழுகிறது என்று பார்க்காத புகழ்ச்சியும் ஒரு வகைக் கட்டியம்தான்.

சில நாள் கழித்து ஜெகதீசன் கண்டாச்சிபுரம் வந்தார். முகம் தெளிந்திருந்தது. குழுவை விலக்கிவிடவில்லை, பிரான்சிஸின் குரலை எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, திண்டிவனத்தில் இன்னொரு வாய்ப்பு உண்டு என்றார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்: "கட்டியக்காரன் பகுதி மட்டும் வேணாம்னு சொல்லிட்டாங்க. அறிவிப்ப ஸ்டூடியோவுல ரெக்கார்ட் பண்ணிட்டோம். அது ஸ்பீக்கர்ல வரும். அக்கா, நீங்க ஆடாம இருந்தா போதும்க்கா."

"எம்பேரு?"

"தலைவர் பேரு நீங்கதான்க்கா. அது அப்பிடியே இருக்கும்."

"பேரு வேணும். ஆளு வேணாம்."

"அக்கா..."

"கோவமில்ல தம்பி. காதுல வுழுந்தத திருப்பிச் சொன்னேன்."

விருத்தாசலம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணவேணி சரி என்றார். இந்தத் தடவை எல்லாரையும் பார்த்துக்கொண்டு சொன்னார். பிரான்சிஸிடம் தனியாக, "எனக்காவ எதுவும் யோசிக்காதண்ணா. ஜெசிந்தா படிப்ப யோசி. நான் வந்து கடைசீல குந்திக்கினு பாக்கறேன், அவ்ளோதான்" என்றார். பிரான்சிஸ் தலையாட்டினார். அது சம்மதமா இல்லையா என்று அந்த ஆட்டத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபம். முதல் நாள் கல்யாணத்தின் பூ அலங்காரம் மேடையில் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. தேர்வுக்குழுவில் இப்போது ஐந்து பேர். அவர்களுக்குப் பின்னால் மற்ற குழுக்கள், கரகம், பொய்க்கால் குதிரை, பம்பை என்று தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். கிருஷ்ணவேணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முகத்தில் சாயம் இல்லை. நல்ல புடவை கட்டி வந்திருந்தார். கல்யாணத்துக்கு வந்தவர்போலவே இருந்தார்.

திரை பிடிக்கப்பட்டது. ஆர்மோனியம் தொடங்கியது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், தேய்த்து மடித்த தமிழில் சொன்னது: "இதோ, கலைஞர்களைக் காக்கும் மாமன்னர் வருகை தருகிறார்."

திரை அசையவில்லை.

ஜெகதீசன் சைகை காட்டினார். குரலை மறுபடி ஓடவிட்டார்கள். "இதோ, கலைஞர்களைக் காக்கும் மாமன்னர் வருகை தருகிறார்." ஆர்மோனியம் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. திரை பிடித்த இருவரும் உள்ளே பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜெகதீசன் மேடைக்குப் பின்னால் ஓடினார். திரைக்குள் பேசியது, அங்கிருந்த மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"என்ன பிரான்சிஸ் அண்ணே, உடம்பு சரியில்லயா?"

"ஒடம்புக்கு என்னா? நல்லாக்கீது."

"அப்புறம் ஏன் வரல?"

"கட்டியக்காரி கூப்பிடாம ராசா களரிக்கு வர்றதில்ல சார்."

"அதான் ரெண்டு தடவ கூப்பிட்டாச்சே!"

"பொட்டி கூப்பிட்டுச்சு. நீ யாருன்னு அது என்னைக் கேக்கலியே. அது கேக்காம நான் இன்னாரு வந்திருக்கிறேன்னு எப்பிடிச் சொல்றது?"

"அண்ணே, விளையாடாதீங்க. இது உங்க லைஃப்."

"அதத்தான் சார் நானும் சொல்லிக்கினு இருக்கிறேன்."

பொய்க்கால் குதிரைக்காரர்கள் பக்கமிருந்து யாரோ சிரித்தார்கள். தேர்வுக்குழுவிலிருந்த நடுவயதுக்காரர் எழுந்து நின்றார். "ஆர்மோனியக்காரரே, நீங்களாவது சொல்லுங்க" என்றார்.

விருத்தாசலம் வாசிப்பதை நிறுத்தினார். ஆர்மோனியத்தின் துருத்தியை மெதுவாக மூடி, கொக்கியை மாட்டினார். "எனக்குக் கை வலிக்குதுங்க" என்றார். அவர் கையை ஆட்டிக்கூடக் காட்டவில்லை. அவ்வளவு மோசமாக ஒரு பொய்யை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கடைசி வரிசையில் கிருஷ்ணவேணி எழுந்தார். கைப்பையைப் பக்கத்திலிருந்த கரகாட்டப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு நடந்தார். குல்லாய் இல்லை, சலங்கை இல்லை. மண்டபத்தின் நீளத்துக்கும் அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. மேடைப் படியில் செருப்பைக் கழற்றினார். திரைக்கு முன்னால் வந்து நின்று, இடுப்பில் கை வைத்தார்.

"யாருய்யா அது திரைக்குள்ள?"

"நாம்தான்!" என்றது துரியோதனன் குரல்.

"நாமுன்னா எத்தினி பேரு? ஒண்டி ஆளாட்டம் தெரியுது?"

"கேட்பவள் யாரடி?"

"கேக்கறதுக்குன்னே இருக்கறவ. வேணாம்னு சொல்லியும் வந்தவ." திரும்பி, நாற்காலியில் இருந்தவர்களைப் பார்த்தார். கட்டியம் கூறும் நீண்ட குரலை எடுத்தார். "அனந்தபுரம் சந்தையிலே வெங்காய மூட்ட சுமக்குற, இருதயமேரிக்குப் புருசனான, ஜெசிந்தாவுக்கு அப்பனான, அத்தினாபுரத்துக்கு அதிபதியான துரியோதன மகாராசா வர்றார்! பராக்! பராக்!"

விருத்தாசலம் கொக்கியைக் கழற்றினார். திரை விலகியது.

அன்று என்ன ஆடினார்கள் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எழுதித் தந்த கதையை ஆடவில்லை என்பது நிச்சயம். ராஜா தன் நாட்டில் யாருக்கு என்ன குறை என்று கேட்க, கட்டியக்காரி முன்னால் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு குழுவிடமும் போய்ப் போய்க் கேட்டு வந்து சொன்னதாகச் சிலர் சொல்கிறார்கள். பம்பைக்காரர் ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் வாசித்தாராம். அரை மணியில் முடிய வேண்டியது முடியவில்லை. ஒலிபெருக்கியை நிறுத்தித்தான் அவர்களை மேடையிலிருந்து இறக்கினார்கள்.

ஒரு மாதம் கழித்து ஜெகதீசன் போன் செய்தார். இந்த ஆண்டு தேர்வாகவில்லை என்றார். அடுத்த ஆண்டு மறுபடி முயற்சி செய்யலாம் என்றார். பிறகு, "அக்கா, அந்த மாறுவேச டயலாக்க எங்க அம்மாகிட்ட சொன்னேன்" என்றார். "சிரிச்சாங்களா?" என்று கேட்டார் கிருஷ்ணவேணி. "இல்லக்கா. அவங்க டீச்சரா இருந்தவங்க. அதுக்கு விடை என்னன்னு கேட்டாங்க" என்றார் ஜெகதீசன். தேர்வான குழுக்களில் நல்ல குழுக்களும் இருந்தன. அந்தப் பொய்க்கால் குதிரைக்காரர்களுக்குக் கிடைத்தது, கிடைக்க வேண்டியவர்கள்தான்.

ஆடி கழிந்ததும் பிரான்சிஸ் குடும்பத்தோடு கிளம்பினார். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கிருஷ்ணவேணியும் விருத்தாசலமும் வந்திருந்தார்கள். இருதயமேரி கிருஷ்ணவேணியோடு பேசவில்லை. அது நியாயம்தான் என்று கிருஷ்ணவேணியும் பேச்சை வளர்க்கவில்லை. மூட்டைகளைப் பிரான்சிஸே பஸ் மேல் ஏற்றினார்.

"ராசா இப்ப எந்த வேசத்துல போறாரு?" என்று கேட்டார் கிருஷ்ணவேணி.

"அங்க போயி எது குடுக்கறாங்களோ அது." துண்டால் முகத்தைத் துடைத்தார். "தங்கச்சி, அன்னிக்கி நான் ஒனக்காவ நிக்கல, தெரிஞ்சுக்கோ. ஒருநாள் கூத்துக்குக்கூட நான் பேரு கேக்கப்படாம வந்ததில்ல. அத வுட்டுட்டு அந்தக் காசு வாங்கிக்கினு நான் என்னான்னு ஆடுறது? எனக்காவதான் நின்னேன்."

"தெரியும்ண்ணா. ஒனக்கு அவ்ளோ நல்ல மனசெல்லாம் கெடையாது."

பிரான்சிஸ் உரக்கச் சிரித்தார். பஸ் நகர்ந்த பிறகும் அந்தச் சிரிப்பு ஜன்னலில் தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் விருத்தாசலம் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பிறகு, "அடுத்த வருசம் அந்தப் பக்கமே போவ வேணாம்மா" என்றார். "அவங்க காசு, அவங்க இஷ்டம். நமக்கெதுக்கு இந்தப் பேஜாரு?"

"அவங்க காசா?" கிருஷ்ணவேணி தன் கையிலிருந்த மகளிர் இலவசப் பயணச் சீட்டைத் தூக்கிக் காட்டினார். "இந்த பஸ்ல நான் காசு குடுக்காம வர்றேன். கண்டக்டரப் புகழ்ந்து பாடிட்டா ஏறினேன்? ஒன் காசும் என் காசும் சேந்துதானே அங்க போய்க் கெடக்குது. நம்மளுத வாங்கறதுக்கு நாம எதுக்குண்ணா கட்டியம் சொல்லணும்?"

"நீ எப்பத்தான் கட்டியம் சொன்ன?"

"அதானே. அப்ப கேக்கறதுக்கு என்னா?"

அந்த ஆண்டு முழுக்கக் குழு என்று ஒன்று இருந்ததாகச் சொல்ல முடியாது. பங்குனியில் பிரான்சிஸ் விடுப்பெடுத்து வந்தார். ஆடிவிட்டுத் திருப்பூர் திரும்பினார். கேட்ட ஊர்களில் பாதிக்கு மட்டுமே ஒப்புக்கொள்ள முடிந்தது. இப்படியே இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்று யாரும் கணக்குப் போட விரும்பவில்லை.

திட்டம் மறுபடி அறிவிக்கப்பட்டபோது கிருஷ்ணவேணி விழுப்புரத்துக்குத் தனியாகப் போனார். புதிய ஒருங்கிணைப்பாளர் ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் போன வருடத்து நடுவயதுக்காரர். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அம்மா, போன வருஷம் திண்டிவனத்துல... நீங்கதானே?"

"நான்தான் சார்." கிருஷ்ணவேணி எதிரிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்த வருசமும் நான்தான்."